தேசிங்கு கதையும் திறனாய்வுக் கண்ணாடிகளும்

இலக்கியக் கொள்கைகள் என்ற பெயரைக் கேட்டதும் நம் வீடுகளில் பலருக்கு ஒரு மலைப்புத் தோன்றிவிடுகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் பயிலும் நம் பிள்ளைகள் அமைப்பியல், பின்னமைப்பியல், பெண்ணியம், விளிம்புநிலை ஆய்வு என்று பெயர்களை நெட்டுருப் போடுகின்றனர். தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்தும் விடுகின்றனர். கேட்டால், “அதெல்லாம் பிரான்சு நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு?” என்கின்றனர். பிரான்சு நாட்டுச் சரக்கு என்பதில் ஓரளவு உண்மையுண்டு. நமக்கு எதற்கு என்பதைத்தான் நாம் ஒப்புவதற்கில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு, இந்தக் கொள்கைகள் அதன்மீது எவ்வாறு ஒளி பாய்ச்சுகின்றன எனக் காண்போம். அக்கதையில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அது மெல்ல மெல்ல மறைந்துவருகிறது என்பதால் இந்த முயற்சி வெறும் பாடம் நடத்துவதாக முடியாது என நம்புகிறோம்.

திண்டிவனத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில் செஞ்சி இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய கோட்டை அது. நாயக்கர்களிடமிருந்து 1649இல் அது பீஜப்பூர் சுல்தானின் கைக்கு மாறியது. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் அங்கே இருந்துகொண்டு முகலாயப் படையை எட்டாண்டுகள் தடுத்து நின்றார். 1698இல் சுல்பிகர் கான் கோட்டையைப் பிடித்தபின், புந்தேல ராஜபுத்திரரான சரூப் சிங் அதன் கோட்டைத் தலைவரானார். அவர் 1714இல் காலமானார். வடக்கேயிருந்து வந்த அவர் மகன் தேஜ் சிங், தந்தையின் பதவியைத் தன் உரிமையாகக் கருதி ஏற்றுக்கொண்டார். தேஜ் சிங் என்ற பெயரே தமிழ் நாவில் தேசிங்கு ஆயிற்று.

அப்போது ஆர்க்காட்டில் நவாபாக இருந்தவர் சாதத்துல்லா கான். நவாயத் குடியினர். சரூப் சிங் பல்லாண்டுகளாகச் செலுத்தாத வரிப்பாக்கியை அவர் கேட்டார். அது 70 லட்சம் ரூபாய் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தந்தைக்கு ஔரங்கசீப் காலத்தில் கிடைத்த ஆணைப் பத்திரம் தன்னிடம் இருக்கிறதே என்றார் தேசிங்கு. பாதுஷா மாறினால் பத்திரமும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றது ஆர்க்காடு. 1714 அக்டோபர் 3ஆம் நாள் செஞ்சிக்கு அருகே போர் மூண்டது. தேசிங்கு மாண்டார். அப்போது அவருக்கு வயது 22 இருக்கலாம். அவருடன் அவர் உயிர்த்தோழரும் மாண்டார். வரலாற்று நூல்களில் மஹபத் கான் எனப்படும் அத்தோழரின் பெயர் மக்கள் நாவில் மாமத்துகான், மோவுத்துக்காரன் என்றெல்லாம் திரிந்து வழங்குகிறது. வழுதாவூரில் நிக்காஹ் மேடையில் இருந்தவர், நண்பனின் ஓலை கண்டதும் மணக்கோலத்தைக் களைந்துவிட்டுக் குதிரையேறினார் என்பது கதை.

செய்தி இவ்வளவே. சில மாதங்கள் கோட்டையில் இருந்த ஓர் இளைஞர், வரிவழக்கில் தோற்று மாண்டார். செஞ்சியில் பல்லாண்டு ஆண்ட நாயக்கர்களுக்கு இல்லாத கதைப்பாடல் இவருக்கு மட்டும் எப்படி வந்தது? இக்கேள்வியிலிருந்துதான் இலக்கியக் கொள்கைகள் தொடங்குகின்றன.

பழைய முறைத் திறனாய்வாளர் இங்கே முதலில் செய்வது, கதைப்பாடலில் எது மெய், எது புனைவு எனப் பிரிப்பதாகும். தந்தை தில்லியில் அடங்காத குதிரையை அடக்க முடியாமல் சிறைப்பட்டார், பிள்ளை போய் அதை அடக்கித் தந்தையை மீட்டான் என்று பாடல் கூறும். இதற்குச் சான்றில்லை எனத் தள்ளிவிடுவார் வரலாற்றாசிரியர். 1943இல் செஞ்சி வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியார் போன்றோரின் உழைப்பு இல்லாவிட்டால் நமக்குச் செஞ்சியின் காலவரிசையே தெரிந்திராது. அந்த நன்றியை மறவாமல், தள்ளப்பட்டதை நாம் மீண்டும் கையில் எடுத்துப் பார்ப்போம்.

ருஷ்ய நாட்டு அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட நூலில், மாயக் கதைகள் நூற்றை ஆராய்ந்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செயல்கள் 31 என வகுத்தார். வீட்டில் ஒரு குறை நேர்கிறது, வீரன் புறப்படுகிறான், சோதனைக்கு ஆளாகிறான், அபூர்வமான துணைப்பொருள் அவன் கைக்கு வருகிறது, வென்று மணமுடிக்கிறான். தேசிங்கின் குதிரைக் கதை இந்த அச்சில் வார்த்தது போலவே பொருந்துகிறது. ஆகவே குதிரைப் பகுதியை வெறும் பொய் என ஒதுக்குவதற்கில்லை. வரலாற்றில் ஓராண்டுகூட நிலைக்காத ஓர் இளைஞரைப் பாடகர்கள் வீரன் என்னும் வார்ப்புக்குள் ஊற்றி எடுத்திருக்கின்றனர்.

இதை நம் இலக்கியத்தைக் கொண்டும் விளங்கிக்கொள்ளலாம். கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என்னும் வகைகள் தமிழில் இஸ்லாமியப் புலவர்களால் வந்தவை. ஒரு சம்பவம் கிஸ்ஸாவாகச் சொல்லப்படும்போது ஒரு நிறம் பெறும். படைப்போராகப் பாடப்படும்போது வேறு நிறம் பெறும். வகைமையே பாத்திரத்தின் நடையை ஆள்கிறது. படைப்போர் பாடிய புலவரிடம் போய், களத்தில் மாண்டோர் தொகை சரியா எனக் கேட்போர் உண்டோ? உருவவாதம் என்று நம் மாணவர்கள் மனப்பாடம் செய்வதன் சாரம் ஏறக்குறைய இதுதான்.

மொழி என்பது வேறுபாடுகளால் இயங்கும் அமைப்பு என்ற சசூரின் கருத்து, அவர் மறைவுக்குப் பின் 1916இல் நூலாயிற்று. அதை வைத்துக்கொண்டு லெவி-ஸ்ட்ராஸ், மக்களின் புராணக் கதைகளுக்கு அடியில் எதிரிணைகள் கிடப்பதாகக் காட்டினார். பச்சையும் வேவும், காடும் நாடும், மேலும் கீழும் என இருப்பவை அவை. தமிழில் இந்த முறையை விரிவாக அறிமுகம் செய்தவர் தமிழவன். ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ என்ற அவருடைய நூல் 1982இல் வந்தது. தலைப்பைக் கண்டே முகம் சுளித்தோர் பலர். ஆனால் அதன்பின் தமிழ்த் திறனாய்வு பழைய தடத்திலேயே நடக்க இயலவில்லை.

தேசிங்கு கதையில் நாம் காணும் எதிரிணைகள் யாவை? கோட்டை–ஆர்க்காடு, வீரம்–வரி, இளமை–அதிகாரம். இவற்றோடு இன்று பலரும் அவசரமாகச் சேர்ப்பது இந்து–முஸ்லிம் என்ற இணை. ஒரு பக்கம் ரங்கநாதரை வணங்கும் ராஜா; மறுபக்கம் நவாபு. பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கதையே அதை ஏற்க மறுக்கிறது. ராஜாவின் வலக்கரமாக நிற்பவர் முஸ்லிம். நவாபின் ஆளாகச் செஞ்சிக்கு வந்து பாக்கி கேட்பவர் பாடலில் தோன்றமல்லன். அவர்தாம் நவாபிடம் பணிபுரிந்த தோடர்மால் என்பர். காஞ்சி வரதராசர் உற்சவத் திருமேனி 1710இல் மீண்டும் கோயிலுக்கு வந்து சேர உதவியவர் இதே தோடர்மால். அவருடைய சிலையை இன்றும் அக்கோயிலில் காணலாம். இன்னும் ஒன்று. சிங்கவரத்து ரங்கநாதரிடம் தேசிங்கு போருக்கு உத்தரவு கேட்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அப்பகுதியில் சொல்லப்படுகிறது. தெய்வமே அன்று சண்டை வேண்டாம் என்றது. தோழனோ நிக்காஹ் மேடையிலிருந்து ஓடி வந்தான். இதில் மதப்போர் எங்கே?

எதிரிணையை முதலில் கண்டுபிடித்து, பிறகு அந்த இணை அப்பனுவலுக்குள்ளேயே எங்கே விரிசல் விடுகிறது எனக் காட்டுவதைத்தான் தெரிதா 1967 முதல் தம் நூல்களில் செய்தார். அதற்குக் கட்டவிழ்ப்பு என்று பெயர். விளங்காத ஒன்றைச் சொல்லி ஆளை மிரட்டுவது என அதைப் பரிகசிப்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: மஹபத் கான் ஒருவர் அந்தக் கதையில் நிற்கும்வரை அதை மதச்சண்டையாகப் படிக்க முடியாது. ஆகையினால் அப்படிப் படிக்க விரும்புவோர் முதலில் அவரைக் கதையிலிருந்து அகற்றியாக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுருக்கிச் சொல்லும்போதும் மேடையில் பேசும்போதும் இடமில்லை என்ற சாக்கில் அவர் உதிர்ந்துபோவதைக் காண்கிறோம். எது விடுபடுகிறது எனப் பார்க்கச் சொல்லும் ஒரு முறை, இந்த அளவில் நமக்கு வேண்டப்பட்டதே.

இந்திய வரலாற்றை இந்துக் காலம், முஸ்லிம் காலம், ஆங்கிலேயர் காலம் என மூன்றாகக் கூறு போட்டவர் ஜேம்ஸ் மில். 1817இல் வெளிவந்த அவருடைய நூல் அந்தக் கூறுகளைப் பாடப்புத்தகம்வரை கொண்டுவந்து சேர்த்தது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! கீழைநாடுகளைப் பற்றி மேலைநாட்டார் உண்டாக்கிய அறிவு, ஆளுகையின் ஒரு கருவியாகவும் இருந்தது என எட்வர்ட் சயீத் 1978இல் வாதிட்டார். 1714இன் வரிவழக்கு நம் காதில் மதவழக்காக ஒலிப்பதற்கு இந்தக் காலக்கூறுகளும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

மார்க்சியத் திறனாய்வு தமிழுக்கு அமைப்பியலுக்கு முன்பே வந்தது; ஆழமாகவும் வேரூன்றியது. நா. வானமாமலை கட்டபொம்மு, கான் சாகிபு முதலியோரின் கதைப்பாடல்களைப் பதிப்பித்து, அவற்றை ஆய்வுக்குரிய இலக்கியமாக மதிக்கச் செய்தார். இலங்கையில் க. கைலாசபதி, பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று எழுதிய தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆய்வு 1968இல் நூலாயிற்று. நம்மவருள் எம். ஏ. நுஃமான் இத்துறையில் முன்னிற்கிறார். மொழியியலும் மார்க்சியமும் ஒருங்கே கற்ற அவருடைய ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ 1987இல் வெளிவந்தது. கல்முனையில் பிறந்த ஒருவர் தமிழுலகம் முழுவதற்கும் தெளிந்த உரைநடையில் கொள்கை விளக்கம் தந்தார் என்பதை நம் இளைஞர்களுக்கு நாம் போதிய அளவு சொல்லவில்லை.

மார்க்சியர் தேசிங்கு கதையில் முதலில் கேட்பது, அந்த 70 லட்சம் யாருடைய பணம் என்பதே. கோட்டைத் தலைவர் கட்டாமல் விட்ட பாக்கி என்றால், அதைக் கொடுக்க வேண்டியவர் செஞ்சிச் சீமையின் உழவர். தேசிங்கு வென்றிருந்தால் அவர்களிடம் வசூல் நின்றிருக்குமா? நவாபு வென்றபின் குறைந்ததா? இரண்டு பக்கத்துக் குதிரைகளும் தின்றது அவர்களுடைய கொல்லையில்தான். வீரம் என்ற ஒளியில் இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது. அதே பாடலைப் பாடியோரும் கேட்டோரும் பெரும்பாலும் உழைக்கும் மக்களே என்பது மார்க்சியருக்கு ஒரு சங்கடம். வரிகேட்ட அதிகாரத்தை எதிர்த்து நின்றவன் என்பதால் அவனைத் தம்மவனாக்கிக்கொண்டனர் என்று வானமாமலை வழி வந்தோர் விடை கூறக்கூடும். ஓரளவுக்கு அது சரியாகவே தோன்றுகிறது.

பெண்ணியத்தின் கேள்வி வேறு. தேசிங்கின் மனைவி செட்டிகுளத்தின் கரையில் உடன்கட்டை ஏறினார் என்பது செய்தி. அவர் நினைவாக நவாபு ஏற்படுத்தியதே ராணிப்பேட்டை என்பது வழங்கிவரும் வரலாறு. ஊருக்குப் பெயராகிவிட்ட அந்த இளம்பெண் என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. கணவன் தரப்பு அவரைக் கற்பரசி என்கிறது. வென்ற தரப்பு மரியாதை செய்து ஊர் அமைக்கிறது. இரண்டிலும் பேசுவோர் ஆடவரே. உடன்கட்டையைக் குறித்து இதே சிக்கலைத்தான் காயத்ரி ஸ்பிவாக் 1988இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில் எழுப்பினார். அடித்தளத்தில் இருப்பவர் பேச முடியுமா என்பதே அதன் தலைப்பாகிய வினா.

அந்தக் கேள்வியை நாம் நம் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டாமா? வழுதாவூரில் மணப்பெண் ஒருத்தி இருந்தாள். மாப்பிள்ளை எழுந்து போய்விட்டார். நட்புக்காகப் போனார் என்று முந்நூறு ஆண்டுகளாகப் புகழ்கிறோம். அப்பெண்ணின் பெயரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பி வராத மாப்பிள்ளைக்காக அவள் காத்திருந்தாளா, வேறு மணம் செய்துகொண்டாளா, அவளைப் பெற்றவர்கள் ஊராருக்கு என்ன சொன்னார்கள்? பெண் மக்களைப் பெற்ற நம் வாசகர்களுக்கு இந்த இடத்தில் கதை நின்றுவிடுவது உறுத்தவே செய்யும். அந்த உறுத்தலைக் கொள்கையாக்கினால் அதுவே பெண்ணியத் திறனாய்வு. அதற்கு மேல் அதில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை.

ஆசிரியர் இறந்துவிட்டார் என்று 1967இல் ரோலண்ட் பார்த் எழுதியது பற்றிப் பெரிய ஆரவாரம் எழுந்தது. நம் சந்தைகளில் விற்ற பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் ஆசிரியர் பிறக்கவே இல்லை. அல்லி அரசாணி மாலை முதலியவற்றை நளவெண்பா பாடிய புகழேந்தியின் தலையில் கட்டிவிட்டார்கள். தேசிங்கு கதையோ இன்னார் பாடியது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் இருக்கிறது. ஆகவே இவ்விஷயத்தில் பிரான்சு நமக்குப் புதிதாகக் கற்பிக்க அதிகம் இல்லை எனக் கடந்து செல்வோம்.

கொள்கைகள் விழுப்புரம் வட்டாரத்துக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். அந்நிகழ்ச்சிக்குப்பின் அங்கே எழுதவும் சிந்திக்கவும் வந்தோர்க்கு, இலக்கியம் யாருடையது என்ற கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பழமலய், 1988இல் வெளியிட்ட ‘சனங்களின் கதை’யில் தம் ஊர் மனிதர்களையும் உறவினர்களையும் அவர்களுடைய பேச்சிலேயே கவிதைக்குள் கொண்டுவந்தார். ரணஜித் குகாவும் தோழர்களும் 1982இல் தொடங்கிய அடித்தள மக்கள் ஆய்வு வரலாற்றில் செய்ய முனைந்ததை, இவர் கவிதையில் தம் வழியில் செய்தார் எனலாம். அண்மையிலுள்ள புதுச்சேரியை மையமாகக் கொண்டு 1990களில் வெளிவந்த ‘நிறப்பிரிகை’ இதழில் ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி ஆகியோர் ஃபூக்கோவையும் தலித் அரசியலையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினர். அவர்களுள் ரவிக்குமார் 2019இலும் 2024இலும் விழுப்புரம் தொகுதியிலிருந்தே நாடாளுமன்றம் சென்றார். திண்டிவனத்திலோ கல்லூரி ஆசிரியரான பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வாயிலாக, எவருடைய குரல் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் ஏறவில்லையோ அவர்களுக்காக மனு எழுதினார். ஸ்பிவாக்கின் கேள்விக்கு அந்த மனுக்களும் ஒருவகை மறுமொழி.

இனிப் பண்பாட்டு ஆய்வு. 1964இல் பர்மிங்காமில் ரிச்சர்ட் ஹோகார்ட் நிறுவி, ஸ்டூவர்ட் ஹால் வளர்த்த ஆய்வு மையம், திரைப்படம், மலிவுப் பதிப்பு, தெருவிழா யாவும் ஆராயத்தக்கவை என்றது. தேசிங்கு கதை பாடலாகவும் கூத்தாகவும் வாழ்ந்தது. 1960இல் எம்.ஜி.ஆர். நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. ஒவ்வொரு வடிவத்திலும் அந்த நட்பு எவ்வளவு இடம் பெற்றது என அளந்து பார்ப்பது ஒரு மாணவருக்கு நல்ல ஆய்வுப்பொருள். செஞ்சி வட்டாரத்தில் நம்மைப் பற்றிய நினைவு இந்த ஒரு கதையோடு நிற்கவும் இல்லை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபீடல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதற்பகுதி செஞ்சியிலிருந்தே புறப்படுகிறது. அக்கோயில்களில் காவல் நிற்கும் முத்தால ராவுத்தன் என்னும் முஸ்லிம் வீரனைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருக்கிறார். வழிபாட்டை நாம் ஏற்பதில்லை என்பது ஒருபுறம் இருக்க, அண்டை வீட்டார் தம் நினைவில் ஒரு ராவுத்தருக்குக் காவற்காரன் என்ற இடம் கொடுத்தனர் என்பது வரலாற்றுக்கு வேண்டிய செய்தி.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மராத்தியரின் இராணுவ நிலவமைப்புகள் என்ற பெயரில் ஏற்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. பெருமைக்குரிய செய்தியே, மகிழ்கிறோம். எனினும் 1677 முதல் 1698 வரையிலான 21 ஆண்டுகள் அக்கோட்டைக்குப் பெயர் சூட்டியிருக்கின்றன. நாயக்கர்களின் களஞ்சியமும், பீஜப்பூரார் காலமும், 1717–18ஐச் சேர்ந்த சாதத்துல்லா கானின் பள்ளிவாசலும், 1750இல் புகுந்த பிரெஞ்சுக்காரரும், 1761இல் வந்த ஆங்கிலேயரும் அப்பெயருக்குள் அடங்குவாரில்லை. பெயரிடுவதும் ஒரு விளக்கவுரையே என்று பண்பாட்டு ஆய்வாளர் சொல்வதற்கு இதைவிட அண்மைச் சான்று வேண்டியதில்லை.

கோட்டையைக் காண இனிப் பயணிகள் மிகுதியாக வருவார்கள். அவர்களுக்கென வழிகாட்டிப் புத்தகங்களும் பலகைகளும் எழுதப்படும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழும் வரலாறும் பயிலும் நம் பிள்ளைகள் சிலர் அவற்றை எழுதுவோராகவோ திருத்துவோராகவோ இருக்கக் கூடும். அப்போது தேசிங்குக்கு இரண்டு வரி எழுதினால், வழுதாவூர் மாப்பிள்ளைக்கு ஒரு வரியேனும் எழுத வேண்டும் என்பது நம் விண்ணப்பம். பலகையில் இடமிருந்தால், பெயர் தெரியாத அந்த மணப்பெண்ணையும் குறிப்பிடலாம்.